காஜாங்கிலிருந்து பங்கா தீவு வரை: ஜப்பானியர் காலத்தில் சிறைப்பட்ட இராணுவத் தாதியர்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து காஜாங் சிறிது நேரப் பயணம்தான். சாத்தேக்குப் பெயர்போன அந்த ஊரில் 1941ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய இராணுவத்தின் சிறு மருத்துவப் பிரிவு ஒன்று முகாமிட்டிருந்தது. அதன் தாதியருக்குத் தலைமைத் தாதி ஐரீன் டிரமண்ட். ஓராண்டு கழித்து, 1942 பிப்ரவரி 16ஆம் தேதி, சுமத்ராவை ஒட்டிய பங்கா தீவின் கடற்கரையில் அவரும் மேலும் 20 தாதியரும் ஜப்பானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே கப்பலில் வந்த 32 தாதியர் மூன்றரை ஆண்டு சிறையில் இருந்தார்கள். அவர்களில் 24 பேர்தான் வீடு திரும்பினர்.

ஜப்பானியர் காலம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சயாம் மரண இரயில், அடுத்து மரவள்ளிக் கிழங்கு, வாழைமர நோட்டு. மலாயாவில் பணியாற்றிய இந்தத் தாதியரின் கதையை ஆஸ்திரேலியாவில் அறியாதவர் குறைவு. அவர்கள் வேலை செய்த ஊர்களில்தான் அதைச் சொல்வார் இல்லை.

மலாயாவுக்கு வந்த தாதியர்

ஆஸ்திரேலியாவின் 8ஆம் டிவிஷன் படைகளை ஏற்றிக்கொண்டு குயின் மேரி கப்பல் 1941 பிப்ரவரியில் சிங்கப்பூரை வந்தடைந்தது. அதில் வந்த 10ஆம் பொது மருத்துவமனைப் பிரிவு மலாக்காவில் அமைந்தது. தலைமைத் தாதி ஆலிவ் பாஷ்கி. மற்றொரு சிறு பிரிவு காஜாங்கிற்குச் சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 13ஆம் பொது மருத்துவமனைப் பிரிவு, பின்னர் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் மனநல மருத்துவமனைக் கட்டடத்தில் இயங்கியது. அதன் பொறுப்பை ஏற்கத்தான் டிரமண்ட் காஜாங்கிலிருந்து மாற்றலாகிப் போனார். அந்தப் பிரிவில் இருந்தவர்தான் இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படும் விவியன் புல்விங்கிள். தென் ஆஸ்திரேலியாவின் கபுண்டா என்ற சிற்றூரில் 1915இல் பிறந்தவர்.

போர் தொடங்கும் வரை அவர்களுக்கு வேலை பெரிதாக இல்லை. மலேரியா, தோல் நோய்கள், சாலை விபத்துகள், அவ்வளவுதான். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. படை பின்வாங்கப் பின்வாங்க, மருத்துவமனைகளும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே நகர்ந்தன. ஜனவரி முடிவதற்குள் எல்லாத் தாதியரும் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களும் பெரிய வீடுகளும் மருத்துவமனைகளாயின. காயம்பட்டவர்கள் தரையிலும் தாழ்வாரத்திலும் கிடந்தனர்.

ஹாங்காங்கில் 1941 கிறிஸ்துமஸ் நாளன்று செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நடந்த கொடுமைகள் அதற்குள் வெளியே தெரிந்திருந்தன. படுக்கையில் கிடந்த காயம்பட்ட வீரர்கள் குத்திக் கொல்லப்பட்டனர். தாதியர் மானபங்கப்படுத்தப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். அதனால்தான் தாதியரைச் சிங்கப்பூரிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரிகள் வற்புறுத்தினர். நோயாளிகளை விட்டுப் போக மாட்டோம் என்று தாதியர் மறுத்தனர். கடைசியில் கட்டளையாகவே பிறப்பிக்க வேண்டியதாயிற்று. முதலில் 6 பேர் ஒரு கப்பலிலும், பிறகு ஏறக்குறைய 60 பேர் எம்பயர் ஸ்டார் கப்பலிலும் அனுப்பப்பட்டனர். எம்பயர் ஸ்டார் குண்டு வீச்சுக்கு ஆளாகியும் தப்பிக் கரை சேர்ந்தது. எஞ்சிய 65 பேர் பிப்ரவரி 12ஆம் தேதி மாலை வைனர் புரூக் என்ற கப்பலில் ஏறினர்.

பங்கா நீரிணையில்

வைனர் புரூக் சரவாக் ராஜாவின் பெயரைத் தாங்கிய சிறு கப்பல். வழக்கமாகப் பன்னிரண்டு பயணிகளை ஏற்றுவது. அன்று ஏறக்குறைய இருநூறு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பகலில் தீவுகளின் மறைவில் ஒதுங்கி, இரவில் ஓடியது. பிப்ரவரி 14ஆம் தேதி பிற்பகல் பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுகொண்டன. குண்டுகள் விழுந்து, அரை மணி நேரத்திற்குள் கப்பல் மூழ்கியது.

தாதியர் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். பயணிகளை முதலில் படகுகளில் ஏற்றிவிட்டு, கடைசியாகத்தான் அவர்கள் கடலில் குதித்தனர். படகுகள் சில ஓட்டையாகிக் கவிழ்ந்தன. தலைமைத் தாதி பாஷ்கி வேறு சிலருடன் ஒரு மிதவையில் இருந்தார். பாரத்தைக் குறைப்பதற்காகப் பெட்டி ஜெஃப்ரி, ஐயோல் ஹார்ப்பர் என்ற இரு தாதியர் பக்கத்தில் நீந்தி வந்தனர். நீரோட்டம் மிதவையை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது. அதில் இருந்தவர்களை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. நீந்திய இருவரும் சதுப்புநிலக் காட்டுக்குள் நாள்கணக்கில் தத்தளித்து, மலாய் மீனவர்களால் காப்பாற்றப்பட்டனர். மொத்தத்தில் 12 தாதியர் கடலோடு போயினர்.

மற்றவர்கள் அங்கொருவர் இங்கொருவராகக் கரையேறினர். டிரமண்டும் புல்விங்கிளும் உட்பட 22 தாதியர் ராட்ஜி கடற்கரை என்று அழைக்கப்படும் இடத்தில் ஒன்று சேர்ந்தனர். அங்கே பொதுமக்களும் கப்பல் ஊழியர்களும் இருந்தனர். மூழ்கிய வேறொரு கப்பலிலிருந்து தப்பிய பிரிட்டிஷ் வீரர்களும் இரவில் வந்து சேர்ந்தனர். பலருக்குப் படுகாயம். உணவும் மருந்தும் இல்லை. தீவு ஏற்கனவே ஜப்பானியர் கையில் இருந்ததால் சரணடைவதைத் தவிர வழியில்லை என்று முடிவு செய்தனர். கப்பல் அதிகாரி ஒருவர் மூந்தோக் நகரத்திற்கு ஆள் அழைத்துவரச் சென்றார். நடக்கக்கூடிய பெண்களும் குழந்தைகளும் அவரைத் தொடர்ந்து புறப்பட்டனர். காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தாதியர் அங்கேயே தங்கினர். அவர்கள் கையில் செஞ்சிலுவைப் பட்டை இருந்தது. அது தங்களைக் காக்கும் என்று நம்பினார்கள்.

பிப்ரவரி 16ஆம் தேதி ஜப்பானிய வீரர்கள் வந்தனர். நடக்க முடிந்த ஆண்களைப் பாறை மறைவுக்கு அழைத்துச் சென்று கொன்றனர். திரும்பி வந்து துப்பாக்கி முனைக் கத்திகளைத் துடைத்ததைத் தாதியர் பார்த்தார்கள். அடுத்து, 22 தாதியரையும் அவர்களுடன் இருந்த ஒரு பெண்மணியையும் வரிசையாகக் கடலுக்குள் நடக்கச் சொன்னார்கள். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. தூக்குக் கட்டிலில் கிடந்த காயம்பட்டவர்களும் தப்பவில்லை.

புல்விங்கிளின் இடுப்புக்கு மேலே குண்டு பாய்ந்து மறுபக்கம் வெளியேறியது. நீச்சல் தெரியாதவர். செத்தவர்போல் அசையாமல் மிதந்து கிடந்தார். அலை கரையில் ஒதுக்கியபோது ஜப்பானியர் போய்விட்டிருந்தார்கள். காட்டுக்குள் சென்று மறைந்த அவர், கத்திக் குத்துப்பட்டும் உயிர் தப்பிய கிங்ஸ்லி என்ற பிரிட்டிஷ் வீரரைக் கண்டார். தன் காயத்தோடு அவரையும் கவனித்தார். அருகிலிருந்த கம்போங்கில் உணவு கேட்டபோது, ஜப்பானியருக்குப் பயந்த ஆண்கள் முடியாது என்று அனுப்பிவிட்டனர். திரும்பி நடந்தவரைப் பெண்கள் பின்தொடர்ந்து வந்து சோறு கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஏறக்குறைய 12 நாள் கழித்து இருவரும் சரணடைந்தனர். கிங்ஸ்லி சில நாளில் இறந்தார்.

சிறைக்குள் நுழைந்த புல்விங்கிளை முன்பே பிடிபட்டிருந்த 31 தாதியர் அடையாளம் கண்டுகொண்டனர். நடந்ததைக் கேட்டறிந்ததும் அவர்கள் எடுத்த முதல் முடிவு, இதை வெளியே பேசவே கூடாது என்பது. கொலைக்குச் சாட்சி உயிரோடு இருப்பது தெரிந்தால் அவர் உயிர் மட்டுமல்ல, எல்லோர் உயிரும் போய்விடும். சீருடையில் இருந்த குண்டு ஓட்டையை மறைக்க அவர் தண்ணீர்ப் புட்டியைத் தோளிலிருந்து குறுக்கே தொங்கவிட்டிருந்தார். அந்த இரகசியம் மூன்றரை ஆண்டு காக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த முகாமில், அவ்வப்போது ஜப்பானியர் விசாரித்த நிலையில், ஒருவர்கூட வாய் தவறவில்லை என்பது சாதாரண விஷயமில்லை.

கைதிகளா, அகதிகளா?

இராணுவச் சீருடையில் பிடிபட்ட இவர்களைப் போர்க்கைதிகளாக ஜப்பானியர் ஏற்கவில்லை. பொதுமக்களான பெண்கள், குழந்தைகளுடன் சேர்த்துத் தடுப்பு முகாமில் அடைத்தனர். போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனிவா உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் காயம்பட்டவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் பாதுகாக்கும் அதே ஆண்டின் இன்னொரு உடன்படிக்கையை அது ஏற்றிருந்தது. அதன்படி பார்த்தால் கடற்கரையில் நடந்த கொலைக்கும், தாதியரை அடைத்து வைத்ததற்கும் எந்தச் சாக்கும் கிடையாது. தாங்கள் இராணுவத்தினர் என்று தாதியர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் பயன் ஏற்படவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூட நெடுங்காலம் குடும்பங்களுக்குத் தெரியாமல் போனது.

மூந்தோக்கில் முதலில் அவர்கள் அடைக்கப்பட்ட இடம், ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லயம். பிறகு பாலெம்பாங் நகருக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே தொடக்கத்திலேயே ஒரு சோதனை. அதிகாரிகளுக்காக ஒரு கேளிக்கை விடுதி திறந்து, தாதியர் அங்கே வந்து உபசரிக்க வேண்டும் என்றார்கள். எதற்காக என்பது அவர்களுக்குப் புரியாமல் இல்லை. இருப்பதிலேயே அழுக்கான உடையை உடுத்தி, தலையைக் கலைத்து, கூட்டமாகப் போய் நின்றார்கள். தனியாக யாரும் பிரிந்து போவதில்லை என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சோற்றை நிறுத்துவோம், உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்ற மிரட்டலுக்கும் அசையவில்லை. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அன்றாட வாழ்க்கை தண்ணீர் சுமப்பதிலும் விறகு வெட்டுவதிலும் மலக்குழி அள்ளுவதிலும் கழிந்தது. வெயிலில் வரிசையாக நின்று தலை எண்ணப்படுவதும், காவலருக்குக் குனிந்து வணங்குவதும், குனிந்தது போதாது என்றால் கன்னத்தில் அறை வாங்குவதும் தினசரி வழக்கம். உணவு, கல்லும் புழுவும் கலந்த அரிசி, கொஞ்சம் கங்கோங், மரவள்ளி. தாதியர் கையில் பணமோ நகையோ இல்லை. கப்பலோடு எல்லாம் மூழ்கிவிட்டது. வசதியோடு முகாமுக்கு வந்த டச்சுக் குடும்பங்களுக்குத் துணி துவைத்தும், முடி வெட்டிவிட்டும், தொப்பி பின்னிக் கொடுத்தும் சில காசு சம்பாதித்தார்கள். பெட்டி ஜெஃப்ரி மறைத்து மறைத்து எழுதிய நாட்குறிப்பு 1954இல் நூலாக வந்தபோது அதற்கு 'வெள்ளைக்காரக் கூலிகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். லயமும் கூலியும் தோட்டத்துத் தமிழர்களுக்குப் பழகிய சொற்கள். மூன்றரை ஆண்டு அனுபவித்ததற்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது புத்தகத்தின் தலைப்பாகத் தோன்றியிருக்கிறது.

வாத்தியம் இல்லாத இசை

பாலெம்பாங் முகாமில் நடந்த ஒன்று உலகெங்கும் பேசப்படுகிறது. சிங்கப்பூரில் பணியாற்றிய சமய ஊழியர் மார்கரெட் டிரைபர்க், இலண்டனில் இசை பயின்ற நோரா சேம்பர்ஸ் இருவரும் சேர்ந்து ஒரு குழுவை உருவாக்கினர். வாத்தியங்கள் இல்லை, இசைத்தாள்கள் இல்லை. புகழ்பெற்ற மேற்கத்திய இசைப் படைப்புகளை டிரைபர்க் தம் நினைவிலிருந்தே தாளில் எழுதினார். வயலினும் பியானோவும் வாசிக்க வேண்டிய பகுதிகளைப் பெண்களின் குரல்கள் சொற்கள் இல்லாமல் முனகலாக இசைத்தன. 1943 டிசம்பர் 27ஆம் தேதி முதல் நிகழ்ச்சி. கூட்டம் கூடத் தடை என்று கத்திக்கொண்டு ஓடி வந்த காவலர், இசை தொடங்கியதும் நின்று கேட்டார் என்று உயிர்தப்பியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியத் தாதியர் சிலரும் அந்தக் குழுவில் பாடினர்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. பாடியவர்கள் ஒவ்வொருவராக இறந்ததால் 1945இல் குழு தானாகவே ஓய்ந்தது. டிரைபர்க்கும் அந்த ஆண்டு ஏப்ரலில் இறந்தார். 1997இல் வெளிவந்த 'பாரடைஸ் ரோடு' திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியது.

கடைசி ஆண்டு

1944 அக்டோபரில் மீண்டும் மூந்தோக்கிற்கு மாற்றினார்கள். புதிய முகாம் முதலில் நன்றாகவே தெரிந்தது. சில வாரங்களில் காய்ச்சல் பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும், வைட்டமின் பி1 குறைவால் உடல் வீங்கும் பெரிபெரியும் சேர்ந்து ஆட்களைக் கொண்டுபோயின. தாதியருக்கு நோய் இன்னது என்று தெரியும், மருந்து இன்னது என்றும் தெரியும். கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. டச்சுக் கன்னியாஸ்திரிகளோடு சேர்ந்து முகாம் மருத்துவமனையை நடத்தினார்கள். குழியும் அவர்களே வெட்டினார்கள், சவப்பெட்டியும் அவர்களே சுமந்தார்கள். 1945 பிப்ரவரி தொடங்கிப் படகு, இரயில் என்று அடுத்த இடத்திற்கு நகர்த்தப்படும் முன் நான்கு தாதியர் இறந்துவிட்டனர்.

கடைசி முகாம் சுமத்ராவின் உட்பகுதியில், லூபுக் லிங்காவ் அருகே பெலாலாவ் என்ற கைவிடப்பட்ட இரப்பர்த் தோட்டம். அங்கே மேலும் நான்கு பேர். அவர்களில் கடைசியாக இறந்த பேர்ல் மிட்டல்ஹாய்சரின் சாவுதான் நெஞ்சை அறுக்கிறது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது ஆகஸ்ட் 15ஆம் தேதி. அவர் இறந்தது 18ஆம் தேதி. முகாம் தளபதி கைதிகளைக் கூட்டிப் போர் முடிந்த செய்தியைச் சொன்னதோ 24ஆம் தேதி. அதற்குப் பிறகு சேமிப்பில் பூட்டிக் கிடந்த மருந்தும் உணவும் கொசுவலையும் திடீரென்று வெளியே வந்தன.

முகாம் எங்கே இருக்கிறது என்பதே நேச நாட்டுப் படைக்குத் தெரியவில்லை. தேடி அலைந்தவர்களில் ஆஸ்திரேலியச் செய்தியாளர் ஹேடன் லென்னார்டும் ஒருவர். 1945 செப்டம்பர் 16ஆம் தேதி லாஹாட் விமானத் தளத்திலிருந்து 24 தாதியரும் சிங்கப்பூருக்குப் பறந்தனர். இந்த நாளுக்காகவே பத்திரப்படுத்தி வைத்திருந்த கிழிந்த சீருடையை அணிந்திருந்தார்கள். அழைத்துப்போக வந்திருந்த ஆஸ்திரேலிய இராணுவத் தாதியர் தலைவி ஏனி சேஜ், மற்றவர்கள் எங்கே என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

சொன்னதும் சொல்லாததும்

1946 டிசம்பரில் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் புல்விங்கிள் சாட்சியம் அளித்தார். கொலைக்குப் பொறுப்பாளி என்று கருதப்பட்ட படை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு முன்னரே தோக்கியோ சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ராட்ஜி கடற்கரைக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

கொல்லப்படும் முன் தாதியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர் என்ற தகவல் அண்மை ஆண்டுகளில் வெளிவந்தது. அதைச் சொல்லக்கூடாது என்று தமக்கு அதிகாரிகள் உத்தரவிட்டிருந்ததாகப் புல்விங்கிள் தம் பிற்காலத்தில் ஒருவரிடம் கூறியிருந்தார் என்பதும், வரலாற்றாளர் லினெட் சில்வர் திரட்டிய சான்றுகளும் 2019இல் பரவலாகப் பேசப்பட்டன. இறந்தவர்களின் குடும்பங்களைக் காப்பதற்கான மௌனம் என்று அதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு. சாட்சி சொல்ல ஒருத்தி உயிர் பிழைத்து வந்தும் முழுச் சாட்சியம் சொல்ல விடவில்லை என்பதுதான் அதன் விளைவு.

நாடு திரும்பிய புல்விங்கிள் மெல்பர்னில் தொற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் தலைமைத் தாதியானார். மாண்ட தோழியருக்கு வெறும் சிலை வேண்டாம், தாதியருக்குப் பயன்படும் மையம் வேண்டும் என்று அவரும் ஜெஃப்ரியும் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினர். 1950இல் மெல்பர்னில் அது திறக்கப்பட்டது. 1975இல் வியட்நாமிலிருந்து அனாதைக் குழந்தைகளை மீட்டு வந்த விமானப் பணியிலும் அவர் பங்கேற்றார். 2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி காலமானார்.

மற்ற இடங்களில் சிறைப்பட்டவர்களின் நிலையும் ஒன்றுபோல் இல்லை. நியூகினியை அடுத்த ரபாவுலில் பிடிபட்ட ஆறு ஆஸ்திரேலிய இராணுவத் தாதியர் ஜப்பானுக்கே கொண்டுசெல்லப்பட்டு, பனியிலும் பட்டினியிலும் வாடினாலும், அறுவரும் உயிருடன் திரும்பினர். பிலிப்பைன்சில் 77 அமெரிக்க இராணுவ, கடற்படைத் தாதியர் சிறைப்பட்டனர். 1945 பிப்ரவரியில் அனைவரும் மீட்கப்பட்டனர். சுமத்ரா முகாம்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போர் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தாதியர் அங்கிருந்து வெளியேற முடிந்தது.

நம் பக்கத்தில்

இராணுவச் சீருடை அணியாமலே இதே துன்பத்தை அனுபவித்த தாதி நம் நாட்டில் இருந்தார். மேடானில் 1899இல் பிறந்த சிபில், கோலாலம்பூரில் தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தவர். பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. ஈப்போவில் மருந்தகம் நடத்திவந்த இருவரும் ஜப்பானியர் வந்ததும் பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். காட்டிலிருந்து இரவில் வந்த போராளிகளுக்குச் சிபில் அங்கே சிகிச்சை அளித்தார். மறைத்து வைத்த வானொலியில் செய்தி கேட்டார். 1943இல் கெம்பெய்த்தாய் அவரைக் கைது செய்து, முதுகெலும்பு பாதிக்கும் அளவுக்குச் சித்திரவதை செய்தது. சின்னஞ்சிறு மகளை அவர் கண் முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் போராளிகளைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனையுடன் பத்து காஜா சிறையில் இருந்தவர் போர் முடிந்ததும் விடுதலையாகி, பிரிட்டனுக்குச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948 ஜூன் 12ஆம் தேதி அங்கேயே இறந்தார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்பும், ஜெஃப்ரியின் நூலைப் போலவே, 1954இல்தான் வெளிவந்தது.

எதிர்த் தரப்பிலும் மருத்துவப் பணியில் இருந்த நம் பெண்கள் இருந்தனர். நேதாஜி 1943இல் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். பர்மாவின் மேமியோவில் காயம்பட்ட இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்கு அவர்கள் தாதியராக இருந்து பணிவிடை செய்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி 1945 மே மாதம் பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச் வரை பிரிட்டிஷார் காவலில் இருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், பின்வாங்கும் படையோடு நெடுந்தூரம் நடந்தே தப்பி வந்தார்.

வைனர் புரூக் தாதியரின் 65 பெயரும், ஒவ்வொருவரும் இறந்த நாளும் இடமும் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவு. அதே ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட மலாயாத் தமிழர்களுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கே உறுதியாக இல்லை. தாதியர் நாட்குறிப்பு எழுதினார்கள். அவர்களுக்கு ஓர் இராணுவமும் ஓர் அரசாங்கமும் இருந்தன, ஆள் கணக்கு கேட்க.

நினைவிடங்களைப் பார்க்க விரும்புவோருக்கு: கல்லறை இல்லாத தாதியரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தின் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. முகாமில் இறந்த எண்மரின் கல்லறை ஜகார்த்தா போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. மூந்தோக்கில் 1993இல் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. புல்விங்கிளின் குண்டு துளைத்த சீருடை கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில் 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி அவருக்குச் சிலை வைத்தார்கள். சிபில் கார்த்திகேசு சிகிச்சை அளித்த கடைவீடு, பாப்பான் பிரதான சாலையில் 74ஆம் எண், இப்போது சிறு நினைவகமாக உள்ளது. ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணம்.